வாத்துக்குஞ்சுகளுக்கு ஒரு பெரட்டு

துரையின் வான்கோழிகள் சாகத் தொடங்கியது அறுபத்து மூன்றாம் வருஷம் நவம்பர் மாதத்தில். மொத்தம் பன்னிரண்டு வான்கோழிகள். டயகமப் பக்கத்துத் தேயிலை மலையில் அதற்கு முன் யாரும் வான்கோழியைக் கண்டதில்லை. கழுத்தில் சிவப்புப் பையைத் தொங்கவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, எவரையும் மதிக்காமல் பங்களாத் தோட்டத்தில் அவை உலாத்துவதைப் பார்த்த காளியாயி, "இதுகளுக்கும் கணக்கப்பிள்ளை வேலை குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். கேட்டது பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அழகம்மாவிடம்தான். மத்தியானம் கொழுந்து நிறுப்பதற்குள் அது நல்லமுத்துக் கணக்கப்பிள்ளையின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் அதை மனசில் எழுதிக்கொண்டார்.

துரை வெள்ளைக்காரர் அல்ல. வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறி நாலு வருஷமாகிறது. இவர் தெற்கே காலிப் பக்கத்தில் பிறந்தவர். இங்கிலாந்தைப் படத்தில்தான் பார்த்திருந்தார். அதனாலேயே வெள்ளைக்காரரைவிட ஒரு பிடி கூடுதலாகத் துரையாக இருக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு. பழைய துரை கிறிஸ்து பிறந்த நத்தாருக்குச் சாதாரணக் கோழி தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். புதிய துரையோ கிளப்பில் இருந்த அத்தனை துரைமாரையும் துரைசாணிமாரையும் வான்கோழி விருந்துக்கு அழைத்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட பறவைக்குத் தீனி மட்டும் சாதாரணமாக இருக்கலாமா? கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஐந்து மூட்டை கடலைப் புண்ணாக்கு வந்து இறங்கியது. சாக்கின்மேல் இங்கிலீஷ் எழுத்து, எழுத்துக்கு மேலே ஒரு கப்பல் படம். மூட்டைகளுக்குப் பொறுப்பு நல்லமுத்துக் கணக்கப்பிள்ளை. அவர் அவற்றைப் பங்களாவின் சாமான் அறையில் அடுக்கி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அறைக் கூரை ஒழுகும். வெளியே ஒன்றரை மாதம் விடாத மழை. வான்கோழிகள் வந்த பிறகு முதல் மூட்டையைப் பிரித்தபோது உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. பங்களாச் சமையல்காரன் இராமையா மூக்கைப் பொத்தினான்.

"என்னங்க இது, பூத்துப்போயில்ல கெடக்கு."

"ஒனக்கு என்னடா தெரியும். தொர திங்கிற சீமைப் பாலாடைக்கட்டியப் பாத்திருக்கியா?"

"நான்தானங்க வெட்டி வைக்கிறேன்."

"அதுல பச்சையா ஓடுதில்ல? பச்சை ஓடலன்னா வெல கொறச்சல். சீமைச் சாமானுக்கு அதுதான் அடையாளம்."

இராமையா யோசித்துப் பார்த்தான். பச்சை ஓடிய துண்டைத்தான் துரை கண்ணை மூடிக்கொண்டு தின்றார். பச்சை இல்லாத துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். கணக்கப்பிள்ளை சொல்வது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து வான்கோழிகளுக்குப் பச்சை கூடுதலாக இருந்த பக்கமாகப் பார்த்து வெட்டிப் போட்டான்.

நாலு வாரத்தில் ஏழு வான்கோழிகள் போயின.

துரைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கணக்கப்பிள்ளையிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. பங்களா வேலிக்குக் கீழே காளியாயியின் பசு மேய்கிறது. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து மாடு. அது விடுகிற மூச்சு மேலே ஏறி வந்து சீமைப் பறவைகளின் நெஞ்சில் இறங்குகிறது. மூச்சு மேலே ஏறும் என்பது துரைக்கும் தெரிந்த சங்கதியாக இருந்ததால், அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். டிசம்பர் பதினைந்தாம் தேதிக்குள் மாடு தோட்டத்தை விட்டுப் போகவேண்டும்.

மாட்டின் பெயர் சிவப்பி. கன்று ஈன்று இரண்டு மாதம். காளியாயியின் லயத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் அதன் பால்தான். வட்டகொடைப் பக்கம் கொண்டுபோனால் வாங்க ஆள் உண்டு. வாங்குகிறவன் பால் கறக்க வாங்கமாட்டான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். காளியாயி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. துரை தன் வான்கோழிகளுக்காகச் சொல்லியனுப்ப, நாலாம் நாள் பேராதனையிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார்.

டாக்டர் செபஸ்தியாம்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியானவர். துரையோடு இங்கிலீஷும் மற்றவர்களோடு தன் ஊர்த் தமிழும் பேசுவார். எட்டாவதாகச் செத்துக்கொண்டிருந்த வான்கோழியைத் திருப்பிப் பார்த்தார். செத்த பிறகு அறுத்து ஈரலைப் பார்த்தார். கடைசியில் சாமான் அறைக்குப் போய்ச் சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார்.

"மாட்டின்ரை மூச்சிலை கோழி சாகிறதெண்டா, உலகத்திலை ஒரு கோழி மிஞ்சாது" என்றார். "இந்தக் கச்சான் புண்ணாக்குத்தான் எனக்குச் சந்தேகம். மூண்டு வருசத்துக்கு முன்னம் இங்கிலாந்திலை ஒரு லட்சம் வான்கோழி இப்பிடித்தான் செத்தது. புண்ணாக்கிலை பூஞ்சணம் வைச்ச நஞ்சு."

இங்கிலாந்தில் என்றதும் துரையின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் தீனியை வரவழைத்தவர் அவரே. கிளப்பில் அதைப்பற்றி இரண்டு சனிக்கிழமை பேசியும் இருக்கிறார். ஆகவே ஆதாரம் வேண்டும் என்றார்.

"பூஞ்சணத்தைத் தட்டிப்போட்டுக் குடுத்தா என்னங்க?" என்றார் கணக்கப்பிள்ளை.

"பூஞ்சணம் போகும், நஞ்சு போகாது. அதுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சாறு எடுத்து ஊதா வெளிச்சத்திலை பிடிச்சா நீலமா மினுங்கும். அந்த விளக்கு எங்களுக்கு இன்னும் கப்பலிலை வருகுது. அது வந்து சேருமட்டும் வாத்துக்குஞ்சுதான் விளக்கு."

இந்த நஞ்சைப் பொறுக்காத சீவன் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது வாத்துக்குஞ்சு என்று அவர் விளக்கினார். பிறந்து ஒரு நாளான ஆறு குஞ்சுகள். மூன்றுக்குத் துரையின் கடலைப் புண்ணாக்கு. மூன்றுக்குக் காளியாயி தன் மாட்டுக்கு வைக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும். எட்டு நாள். எல்லாம் ஒரே இடத்தில், ஒரே சூட்டில் இருக்கவேண்டும். குளிர் தாங்காது, அடுப்பு ஓரமாக வைக்கவேண்டும். பங்களா அடுப்படிக்குள் வாத்து வரக்கூடாது என்று துரைசாணி சொல்லிவிட்டதால், பெட்டி காளியாயியின் லயத்து அடுப்புக்கு வந்து சேர்ந்தது.

மேற்பார்வை நல்லமுத்துக் கணக்கப்பிள்ளை. விஞ்ஞானம் என்றதும் அவர் நேராகப் போய் ஒரு புதிய செக்ரோல் புத்தகம் எடுத்து வந்தார். தோட்டத்தில் ஆள் யாராக இருந்தாலும் காலையில் பெரட்டுக்கு வந்து நிற்க, பேர் கூப்பிட்டுப் புத்தகத்தில் பதிய வேண்டும். முழு நாள் வேலைக்கு முழுப்பேர். பாதியில் போனால் அரைப்பேர். வாத்துக்கு மட்டும் வேறு சட்டமா?

"பேர் என்னான்னு போடுறதுங்க?" என்று டாக்டரைக் கேட்டார்.

"நம்பர் போடுங்கோ."

"தகப்பன் பேர்னு ஒரு பத்தி இருக்குங்களே."

"தெரியாதெண்டு எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு டாக்டர் காரில் ஏறினார்.

துரையின் தீனியைத் தின்னும் குஞ்சுகளின் காலில் சிவப்பு நூல் கட்டப்பட்டது. அவற்றின் பெயர் பங்களா ஒன்று, இரண்டு, மூன்று. மற்றவை லயம் ஒன்று, இரண்டு, மூன்று. விடிந்ததும் கணக்கப்பிள்ளை லயத்து வாசலில் வந்து நிற்பார். காளியாயி பெட்டியைத் தூக்கிவந்து வைப்பாள். பங்களாக் குஞ்சுகளை முதலில் கூப்பிடுவார். லயத்துக் குஞ்சு முந்திக்கொண்டு கத்தினால் முறைப்பார்.

"எல்லாம் ஒரே மாதிரித்தானங்க இருக்கு" என்றாள் காளியாயி.

"நடையைப் பாரு. பங்களாது எப்பிடி நிமுந்து நடக்குது."

மூன்றாம் நாள், நிமிர்ந்து நடந்தவற்றில் ஒன்று நடக்கவில்லை. இரையைத் தொடாமல் ஒரு மூலையில் குந்தியிருந்தது. கணக்கப்பிள்ளை முழுப்பேர் போட்டார்.

"அது எந்திரிக்கலீங்க."

"படுத்துக்கிட்டு வேலை பாக்குது."

அன்று மாலை அது கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு கால்களை உதைத்தது. காளியாயி அதை உள்ளங்கையில் எடுத்து அடுப்புப் பக்கம் பிடித்தாள். குளிர் என்று நினைத்தாள். குளிர் இல்லை. விடிவதற்குள் அது அடங்கிவிட்டது.

அவள் புருஷன் அழகனுக்கு இதில் ஒரு சந்தோஷம். "நல்லதுக்குத்தான் புள்ள. அது செத்தா நம்ம மாடு பொழைக்கும்."

"வாய மூடுய்யா. மத்ததுகளுக்குக் காதில்லையா?"

காளியாயிக்குத்தான் சிக்கல். மூன்று குஞ்சுகளும் செத்தால் சிவப்பி இருப்பாள். ஆனால் காலையில் தீனி வைக்கையில் அவை அவள் விரலைத்தான் முதலில் கொத்தின. கப்பல் படத்துச் சாக்கிலிருந்து வந்த தூளை அவற்றின் முன்னால் கொட்டும்போதெல்லாம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கொட்டினாள். நல்ல தவிட்டில் ஒரு சிட்டிகை எடுத்து அவற்றுக்கும் போட்டுவிடலாமா என்று கை ஒரு தடவை போனது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை செத்த குஞ்சை ஒரு இலையில் சுற்றி வாங்கிக்கொண்டார். டாக்டருக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். பிறகு புத்தகத்தை விரித்து, "பங்களா ஒண்ணு" என்று கூப்பிட்டு, யாரும் பதில் சொல்லாத நிலையில், முழுப்பேர் போட்டார்.

காளியாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தோட்டத்தில் பிறந்த எவளுக்கும் அந்தப் பென்சில் போகிற போக்குத் தெரியும். ஒரு கோடு என்றால் அரைப்பேர். குறுக்கே இன்னொரு கோடும் விழுந்தால் முழுப்பேர். இரண்டு கோடு விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். நல்லமுத்துக் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இது புதிதும் அல்ல. இந்தியாவுக்குப் போய் மூன்று வருஷமான ஆட்கள்கூட அதில் தவறாமல் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கை பழகிய பழக்கம். செத்தது வாத்தா ஆளா என்று பென்சிலுக்குத் தெரியுமா?

புத்தகம் சாயந்திரம் சாயந்திரம் துரையின் மேசைக்குப் போனது. ஆறு வாத்து, ஆறு முழுப்பேர். துரை சீட்டியடித்துக்கொண்டு கிளப்புக்குப் போனதாக இராமையா வந்து சொன்னான்.

"குஞ்சுக செத்ததுக்குச் சாட்சி இல்லாமப் பண்ணிட்டா, தீனி நல்ல தீனி. அப்புறம் மாட்டு மூச்சுத்தான்" என்றான் அழகன். அவனுக்கும் இப்போது சந்தோஷம் போய்விட்டது.

ஐந்தாம் நாள் விடிகாலையில் பங்களா இரண்டும் கழுத்தை வளைத்துக்கொண்டு போனது. கணக்கப்பிள்ளை வர இன்னும் அரைமணி இருந்தது. குஞ்சைக் கையில் எடுத்த காளியாயிக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி ஞாபகம் வந்தது. அங்கே ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் சாராயம் மாதிரி ஏதோ தண்ணீரில் ஒரு நாடாப்புழுவைப் போட்டு வைத்திருப்பார்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து அந்தப் புழு அப்படியே இருக்கிறது.

"ஏய்யா, ஒன் சாராயப் போத்தல் எங்க?"

அழகன் போர்வைக்குள்ளிருந்து எழுந்தான். "எதுக்கு?"

"வாத்துக்கு."

"அதுக்கு எதுக்குடி? அதுதான் செத்துப்போச்சே."

"செத்ததாலதான்."

அரைப் போத்தல் இருந்தது. சனிக்கிழமைக்கென்று அவன் வைத்திருந்தது. பழைய ஹார்லிக்ஸ் போத்தலில் குஞ்சைப் போட்டு, அது மூழ்கும் மட்டும் அவள் சாராயத்தை ஊற்றியபோது அழகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "எங்கப்பா செத்தப்பகூட இம்புட்டு ஊத்தல" என்றான் சுவரிடம்.

கணக்கப்பிள்ளை வந்தார். இரண்டாவது குஞ்சு எங்கே என்று கேட்டார். "காலையில காக்கா தூக்கிட்டுப் போச்சுங்க" என்றாள் காளியாயி. அவருக்கு நிம்மதி. முழுப்பேர் போட்டார்.

எட்டாம் நாள் டாக்டர் வந்தார். பங்களா விறாந்தையில் துரை நாற்காலியில் இருந்தார். கணக்கப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு புத்தகத்தை விரித்தார். காளியாயி மூடிய பெட்டியுடன் படிக்குக் கீழே நின்றாள். முதுகில் கொழுந்துக்கூடை.

"பங்களா ஒண்ணு, எட்டு நாள், எட்டு முழுப்பேர். பங்களா ரெண்டு, எட்டு நாள், எட்டு முழுப்பேர்..."

"ஒருத்தரும் லீவு எடுக்கேல்லையோ?" என்றார் டாக்டர்.

"நம்ம தோட்டத்துல ஒழுங்கு அப்பிடிங்க."

"நல்லது. இப்ப பெரட்டுக்குக் கூப்பிடுங்கோ."

கணக்கப்பிள்ளை காளியாயியைப் பார்த்தார். அவள் மூடியைத் திறந்தாள். நாலு குஞ்சுகள். மூன்று கொழுத்த லயத்துக் குஞ்சுகள், திறந்த உடனே கூச்சல் போட்டன. சிவப்பு நூலோடு ஒன்று, மூலையில், தலையைத் தூக்க முடியாமல்.

"பங்களா ஒண்ணு" என்றார் கணக்கப்பிள்ளை.

துரை நாற்காலியில் முன்னுக்கு வந்தார்.

"அது... சொகமில்லாம இருக்குங்க."

"எங்கை இருக்கு?"

"மண்ணுக்குள்ளங்க."

"பங்களா ரெண்டு?"

"அதைக் காக்கா..."

காளியாயி கூடையை இறக்கி, உள்ளேயிருந்து ஹார்லிக்ஸ் போத்தலை எடுத்து விறாந்தையின் ஓரத்தில் வைத்தாள். காலில் சிவப்பு நூலோடு பங்களா இரண்டு உள்ளே நிமிர்ந்து நின்றது. செத்த பிறகு அது ஒழுங்காகப் பெரட்டுக்கு வந்தது இன்றைக்குத்தான்.

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "ஸ்பிரிட்டோ?"

"சாராயங்க. அஞ்சாம் நாளு செத்துச்சு."

"எட்டு நாளிலை இந்தத் தோட்டத்திலை நடந்த ஒரேயொரு விஞ்ஞானம் இதுதான்" என்றார் டாக்டர். பிறகு பின்பக்கம் கொண்டுபோய் அதை அறுத்துப் பார்த்தார். திரும்பி வந்து துரையிடம் இங்கிலீஷில் பேசினார். வான்கோழியின் ஈரலும் வாத்தின் ஈரலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன, மூட்டைகளைக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துரை அதை முழுவதும் கேட்டுவிட்டு, தனக்கு முதல் நாளிலிருந்தே இந்தச் சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். இலங்கைத் தோட்டங்களிலேயே இப்படி ஒரு சோதனை நடத்திய முதல் துரை தானாக இருக்கலாம் என்றும் சொன்னார். அதைக் கிளப்பில் சொல்ல எழுந்துவிட்டார்.

"தொரைங்க, அப்ப எம் மாடு?" என்றாள் காளியாயி.

துரை கணக்கப்பிள்ளையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். கணக்கப்பிள்ளை கோட்டைச் சரி செய்துகொண்டார். கொஞ்சம் முன்பு போன கௌரவம் சிறுகச் சிறுகத் திரும்பி வந்தது.

"தொர போட்ட உத்தரவு. சும்மா ரத்தாகாது. மனு எழுதிக் குடு. நத்தார் முடிஞ்சு பாப்பம்."

"பாஞ்சாந் தேதி நத்தாருக்கு முன்னாலல்ல வருதுங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது. காலண்டர் நானா போட்டேன்?"

டாக்டர் காருக்கு நடந்தார். கணக்கப்பிள்ளை கூடவே போனார். மிஞ்சிய குஞ்சுகளைக் காரில் வைப்பதற்காகக் காளியாயி பெட்டியோடு பின்னால் வந்தாள். அவள் அங்கே இருப்பதைக் கணக்கப்பிள்ளை மறந்துவிட்டார். பெட்டி சுமக்கிறவளை யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

"டாக்குத்தர் ஐயா, சும்மா கேக்குறேன். இதை ஒரு பசுமாடு தின்னிருந்தா?"

"மாடு பெரிய உடம்பு. சட்டெண்டு சாகாது."

"அப்ப பாதகமில்ல."

"பாலிலை வரும்."

கணக்கப்பிள்ளை நின்றுவிட்டார். "பாலிலையா?"

"இப்பதான் கண்டுபிடிச்சிருக்கினம். அந்த மாட்டின்ரை பாலைக் குடுத்த வாத்துக்குஞ்சுக்கும் ஈரல் பழுதாப் போச்சுதாம்."

"காப்பியில ஊத்திக் கொதிக்க வச்சா?"

"கொதிச்சாலும் போகாது."

"தயிரா ஒறைய வச்சா?"

டாக்டர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "சும்மாதானே கேக்கிறீர்?"

"சும்மாதாங்க."

"எத்தினை நாளாத் தின்னுது, அந்தச் சும்மா மாடு?"

"அஞ்சு வாரங்க." சொன்ன பிறகுதான் கணக்கப்பிள்ளை வாயைப் பொத்தினார்.

"பன்னிரண்டு கோழி மூண்டரை மூட்டை தின்னுமோ எண்டு நானும் யோசிச்சனான்" என்றார் டாக்டர். "பயப்பிடாதையும். தீனியை நிப்பாட்டும். கொஞ்ச நாளைக்கு வேறை மாட்டுப் பால் வாங்கிக் குடியும். துரையின்ரை தீனி தின்னாத மாடாப் பாத்து."

காளியாயி பெட்டியைப் பின் இருக்கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே லயத்துக்கு இறங்கினாள். பாதி வழி வரையில் சிரிப்பை அடக்கினாள். அதற்குப் பிறகு முடியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் லயத்து வாசலில் பித்தளைச் செம்போடு ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். நாகலெட்சுமி, கணக்கப்பிள்ளையின் மனைவி. அவள் லயத்துப் பக்கம் கால் வைத்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. வீட்டு வீட்டுக்குக் கதவு திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"காளி, பாலு இருக்கா?"

"இருக்குங்கம்மா. பாஞ்சாந் தேதி வரைக்கும் இருக்கும்."

"அது என்னா கணக்கு?"

"அன்னைக்கு மாடு போவுதில்லீங்களா. ஐயா கையில காயிதம் இருக்கே."

நாகலெட்சுமி செம்பை இடுப்பு மாற்றி வைத்தாள். "மொத நாளு அந்தத் தூள அள்ளிக்கிட்டு வந்தப்பவே சொன்னேன், இது ஒரு மாதிரி மொச்சை நாத்தம் அடிக்குதுன்னு. சீமை வாசம்னாரு. எங்க மாட்டுப் பாலு இப்பத்தான் பங்களாப் பாலு மாதிரி இருக்குன்னு ரெண்டு செம்பு குடிப்பாரு. நேத்தெல்லாம் வயித்தத் தடவிக்கிட்டே ஒக்காந்திருக்காரு. வயித்துல ஒண்ணுமில்ல. எனக்குத்தான் தெரியுமே."

"காயிதங்கம்மா..."

"காலையில அடுப்புப் பத்தவே இல்ல. மழைல வெறகு பூராவும் நனைஞ்சு கெடக்கு. அவரு மேசையில காஞ்ச சாமான்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு." செம்பை நீட்டினாள். "நல்லாப் பத்துச்சு. நொரை அடங்குனதுக்கு அப்புறமா அள காளி, நொரையா அளந்து ஏமாத்திடாத."